தோற்றவனுக்கு ஒரு மெட்டு

கேம்களுக்கு இசையமைக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டபோது நான் தயங்கினேன். உங்கள் மேசையில் இருக்கும் கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. ஒரு கதவு திறக்கும் ஓசைக்கே நாற்பது விதம் வைத்திருக்கிறீர்கள். எங்களிடம் ஒரே ஒரு கதவுதான் இருந்தது. அதுவும் பாதி நேரம் தவளை கத்துவதுபோல ஒலிக்கும். ஆகவே தொழில்நுட்பத்தை விட்டுவிடுகிறேன். அவசரத்தில் முடிவெடுக்க வேண்டி வந்த சில சமயங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் மட்டாஞ்சேரிக்காரன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சி வேலைக்காக இங்கே வந்த குடும்பம். வீட்டில் எல்லோருக்கும் கார்ப்பரேஷன் வேலை. எனக்கு மட்டும் கீபோர்டு. கானமேளா என்ற மேடைப் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஓர் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம்.

ஒருமுறை தோப்பும்படியில் பெருநாள் கச்சேரி. பாட்டு பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடைக்கு மேலே போட்டிருந்த தார்ப்பாயில் சரியாக என் தலைக்கு நேரே ஓர் ஓட்டை. கீபோர்டு வாடகைக்கு எடுத்தது. இடது கையில் குடையை வாங்கி அதற்கு மேலே பிடித்துக்கொண்டு, நான் நனைந்தபடி, வலது கையால் மட்டும் கடைசிப் பாட்டுவரை வாசித்து முடித்தேன். முடிந்ததும் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். என்னைவிடச் சின்னவர், கண்ணாடி போட்டவர். பெயர் ஜார்ஜி என்றார்.

"ஒத்தக் கையாலயே ஒப்பேத்திட்டீங்களே சேட்டா!"

"இது நனைஞ்சா நான் முங்கிப்போவேன் சாரே. வேற வழி?"

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பட்டன்கள் வைத்த பழைய போன். "இதுக்குள்ள கேம் உண்டாக்குறோம். பாட்டு வேணும். ஒரே சமயத்துல நாலு சுரம்தான் இதுல கேக்கும். கேட்ட ஆளுங்க எல்லாம் நாலு சுரத்துல என்ன செய்ய முடியும்னு போயிட்டாங்க. அஞ்சு விரல்ல ஒரு பாட்டு முழுசும் வாசிச்ச ஆள இன்னிக்குத்தான் பாத்தேன்."

இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். திறமையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கூப்பிட்டது மழைதான்.

எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஜார்ஜி சாருடைய ஆபீஸ். ஆறேழு பேர். புரோகிராம் எழுதுகிறவள் ஸ்மிதா, தமிழ் எல்லையோரச் சித்தூர்க்காரி, நன்றாகத் தமிழ் பேசுவாள். முதல் வேலையாக, விழும் தேங்காய்களைக் கூடையில் பிடிக்கும் ஒரு கேமுக்கு மெட்டுப் போட்டேன். கானமேளா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் தரை அதிர்ந்தது. பெருமையாக ஸ்மிதாவிடம் கொடுத்தேன். அவள் போனில் ஏற்றி, காதருகே வைத்துக் கேட்டு, முகம் மாறாமல் திருப்பித் தந்தாள்.

"சேட்டா, இது கொசு."

கொசுவேதான். போனின் ஸ்பீக்கர் ஒரு சட்டைப் பட்டன் அளவு. கீழ்ச் சுரம் எல்லாம் காணாமல் போய்விட்டது. அன்றிலிருந்து ஆபீஸ் ஸ்பீக்கரில் கேட்பதை நிறுத்தினேன். மெட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் உட்கார்ந்துவிடுவேன், என்ஜினுக்குப் பக்கத்தில். அங்கே காதில் விழுந்தால்தான் அது மெட்டு. மூன்றாவது திருத்தமோ நாலாவதோ, அதை ஓடவிட்டபோது எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த சேச்சி என்னை முறைத்தார்.

"அதொன்னு நிறுத்துமோ? தல வலிக்குது."

"சேச்சிக்குக் கேக்குதா? அங்கிருந்தே நல்லா கேக்குதா?"

"பின்னே கேக்காம? நான் என்ன செவிடா?"

எனக்கு வந்த முதல் பாராட்டு அதுதான். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மெட்டைக் கேட்கப் போகிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறானோ அங்கே போய் உட்காருங்கள். நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ரசித்தால் நமக்கு நம்மைத்தான் பிடித்துப்போகும்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

ஆபீஸ் தொடங்கி ஓரளவு காலூன்றிய பிறகு, ஒரு வெளிநாட்டு போன் கம்பெனிக்காக ஒரு கேம் செய்தோம். காயலில், அதாவது உப்பங்கழியில், ஒரு சின்ன வள்ளம். எதிரே ஆகாயத்தாமரைக் கூட்டம், மீன்வலைக் கம்பங்கள், குறுக்கே வரும் பெரிய படகுகள். நாலாம் பட்டனை அமுக்கினால் வள்ளம் இடப்பக்கம், ஆறை அமுக்கினால் வலப்பக்கம். முட்டாமல் மோதாமல் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தக் கம்பெனி எங்கள் கேமைத் தங்கள் போன்களில் போட்டுக்கொடுக்கச் சம்மதித்திருந்தது. அது நடந்தால் ஆபீஸ் நிமிரும். நடக்காவிட்டால் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அவர்கள் சம்மதித்ததற்கு ஒரு காரணம், தனியாகப் போட்டுக்காட்டிய என் வெற்றி மெட்டு. வள்ளம் ஜெட்டியைத் தொட்டதும் செண்டை கொட்டுவதுபோல ஆரம்பித்து மேலே மேலே ஏறும். கடைசியில் சுரங்கள் சுற்றி இறங்கும் ஒரு சுழற்று உண்டு. அது ஜார்ஜி சாருடைய யோசனை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் அதைத்தான் விசிலடிப்பார். இருந்த மெமரியில் பெரும் பங்கை அந்த மெட்டே எடுத்துக்கொண்டது. தோற்பதற்கு மிச்சமிருந்த துளி இடத்தில், ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்குவதுபோல "ப்பே... ப்பே... ப்பேஏஏ" என்று வழுக்கி இறங்கும் ஓர் ஓசை வைத்தேன். ஆபீஸில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. அக்காவின் கணவர், முருகையா. கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவு. யூதர்களின் பழைய ஜூ டவுன் தெருவில் சுக்கு மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே ஏணியைச் சாய்த்து, மேலே நின்றபடி கீழே போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பளப்பார். பேச்சு தப்பித்தது. கால் மெல்லத் திரும்பியது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், ஸ்பாஞ்சுப் பந்து ஒன்றைக் கையில் வைத்து, தினமும் அமுக்குங்கள், முக்கியமாகக் கட்டைவிரல் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் படியிறங்கியதும் பந்து ஜன்னலுக்கு வெளியே போனது.

"நான் என்ன கைக்குழந்தையா, பந்து வச்சு விளையாட?"

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு அழுதாள். "நீ சொன்னா கேப்பாரு, தம்பி. என்னமாவது செய்யேன்."

என் கையில் இருந்தது சோதனைக்குக் கொடுத்த போன். அதைத் தலையணைமேல் வைத்து, அத்தானின் வலது கட்டைவிரலை எடுத்துப் பட்டன்மேல் வைத்தேன்.

"அத்தான், இந்த வள்ளம் சரியா ஓடுதான்னு பாருங்க. ஆபீஸ்ல யாருக்கும் காயலப் பத்தி ஒண்ணும் தெரியாது."

முதல் நாள் அவரால் ஒருமுறைகூட அமுக்க முடியவில்லை. வள்ளம் நேரே போய் முட்டியது. இரண்டு வாரத்தில் ஒரு வளைவைத் தாண்டினார். "இந்தக் கம்பத்த எவன்டா இங்க நட்டான்?" என்று கேட்கும் அளவுக்கு ஊன்றிப்போனார். அக்கா சாயாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறிப்போனால் மாற்றி வைத்துவிட்டுப் போவாள். தோற்கும்போது போன் "ப்பேஏஏ" என்று வழுக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். நான் அதைக் கவனிக்கவில்லை. வள்ளத்தைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். வருஷக்கணக்காக இவருக்கு ஏணி பிடித்த லத்தீஃபும் வந்திருந்தார். அத்தானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இங்க பாரு லத்தீஃபே, இந்தக் கையால வள்ளம் ஓட்டுறேன், பாக்குறியா?" என்று போனைத் தலையணைமேல் வைத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் விரல் ஒரு நொடி பிந்தியது. வள்ளம் முட்டியது.

"ப்பே... ப்பே... ப்பேஏஏ."

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அந்த ஓசை அப்படி. சிரிக்க வைக்கத்தானே போட்டது. லத்தீஃப் மட்டும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர்கள் போனபிறகு போனை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கொண்டு போயிரு, மாப்ளே. மதி, போதும்."

"ஏன் அத்தான்? இவ்ளோ தூரம் வந்துட்டீங்க."

"நான் தோத்தது எனக்குத் தெரியும்லா? அத ஏன் அது ஊரைக் கூட்டிச் சொல்லுது?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கள். கேம் முடிந்து, சோதித்து, பூட்டப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். நான் போய் ஸ்மிதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தோக்குற சத்தத்த மாத்தணும். கொஞ்சம் நீளமா வேணும்."

"இடமே இல்ல சேட்டா. ஒரு சுரம்கூட வைக்க முடியாது."

"வெற்றி மெட்டுலேர்ந்து எடுத்துக்கலாம்."

அவள் சுழல் நாற்காலியை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஜார்ஜி சாரின் அறையைப் பார்த்தாள்.

ஜார்ஜி சாரிடம் அத்தான் கதையைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், வருத்தப்பட்டார். ஆனால் முடியாது என்றார். அந்த மெட்டைக் கேட்டுத்தானே அவர்கள் சம்மதித்தார்கள் என்று கேட்டார். வேண்டுமானால் நீங்களே ஒருமுறை தோற்றுப் பாருங்கள் என்று போனைக் கொடுத்தேன். விளையாடினார், தோற்றார், "ப்பேஏஏ" கேட்டுச் சிரித்தார். "நல்லாத்தானே இருக்கு?" என்றார். என் உபாயம் அங்கேயே படுத்துவிட்டது. அவருக்கு அந்த அறையில் தோற்பதால் என்ன நஷ்டம்?

வேறெதுவும் தோன்றாமல் ஸ்மிதாவைக் கூப்பிட்டேன். "வெளியில சோதிக்கக் கொடுத்தோமே, அவங்கள்ல யாரு ஜெட்டிவரைக்கும் போனாங்க?"

அவள் யோசித்தாள். "யாரும் போகல. நான் மட்டும் போயிருக்கேன். கம்பம் எங்கே வரும்னு எழுதினதே நான்தானே."

"அப்போ விளையாடி அந்த வெற்றி மெட்ட நம்மளத் தவிர ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் கேட்டது அந்த ஹாரன் மட்டும்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டாங்களோ! சாரே, இந்தக் கேமோட பாட்டே அதுதான். நாமதான் தெரியாம இருந்திருக்கோம்."

ஜார்ஜி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டு வரணும். வரலேன்னா பழையதுதான் போகும். மோசமா இருந்தாலும் பழையதுதான்."

அந்த அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாற்ற வேண்டும் என்று வாதாடிவிட்டேனே தவிர, எப்படி மாற்றுவது என்று தெரியாது. தோற்றவனிடம் என்னதான் சொல்வது? சோதனைப் போனில் வெற்றி மெட்டை எடுத்துவிட்டு, தோற்கும் மெட்டை ஓர் இரவல் லேப்டாப்பிலிருந்து நானே மாற்றிப் போடும்படி ஸ்மிதா செய்து தந்தாள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒன்று எழுதினேன். மறுநாள் விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே விளையாடி, வேண்டுமென்றே முட்டினேன். மெல்லிய, ஆறுதலான ஒரு மெட்டு ஒலித்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "யாருடா செத்துட்டா?"

வாசலில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். இந்த முறை துள்ளலாக. மறுபடி முட்டினேன்.

"தோத்ததுக்குக் கொண்டாட்டமா? கிண்டல் பண்ணுதியா, மாப்ளே?"

மணி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா புட்டும் கடலையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அழவைத்தாலும் தப்பு, சிரிக்கவைத்தாலும் தப்பு. அப்போது ஒன்று தோன்றியது. இரண்டு மெட்டிலும் நான் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒன்று பாவம் என்றது, இன்னொன்று பரவாயில்லை என்றது. அவருக்கு வேண்டியது தம்மைப் பற்றிய பேச்சே இல்லை. வள்ளத்தைப் பற்றிய பேச்சு. ஓடும்போது கேட்கிற துடுப்பு மெட்டையே எடுத்தேன். கொஞ்சம் நிதானமாக்கி, மெல்ல மேலே ஏறவிட்டு, முடிய வேண்டிய ஸட்ஜத்தைத் தொடுவதற்கு ஒரு சுரம் முன்னால், நிஷாதத்திலேயே நிறுத்தினேன். பேசிக்கொண்டே வந்தவர் வாக்கியத்தை முடிக்காமல் நம் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி.

முட்டினேன். மெட்டு ஏறி, அந்தரத்தில் நின்றது. இன்னொரு முறை முட்டினேன். கட்டில் கிரீச்சிட்டது.

"என்னலே, பாதியில நிக்குது?"

"அவ்வளவுதான் அத்தான்."

"அது எப்படி அவ்வளவுதான்? கொண்டா இங்க."

தலையணைமேல் போனை வைத்துக் கொடுத்தேன். விளையாடினார். முதல் வளைவிலேயே முட்டினார், இரண்டு நாள் பழக்கம் விட்டுப்போனதால். நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். மெட்டு கடைசிச் சுரத்துக்கு வருமுன்பே அந்த விரல் நகர்ந்து, மறுபடி தொடங்கும் பட்டன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் அதை உணரவே இல்லை.

போனை அவரிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. "ஒருக்கா, ஒரே ஒருக்கா" என்றார். பஸ்ஸில் தோப்பும்படிப் பாலத்தில் மாட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆபீஸில் போய் விழுந்தேன். ஸ்மிதா வாங்கி ஏற்றினாள். இடம் பத்தவில்லை. வெற்றி மெட்டிலிருந்து செண்டையை எடுத்தோம். பத்தவில்லை. ஏற்றத்தை எடுத்தோம். கடைசியில் ஜார்ஜி சாரின் சுழற்று மட்டும் நின்றது. அதையும் எடுத்தபோது ஸ்மிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மிஞ்சியது ஒரே ஒரு "டிங்".

ஜார்ஜி சார் நின்றுகொண்டே விளையாடினார். தோற்றார். மறுபடி விளையாடினார். தோற்றார். உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது முறை முட்டியதும், எங்களை நிமிர்ந்து பார்க்காமலே, "அனுப்பிடு" என்று ஸ்மிதாவிடம் சொல்லிவிட்டு, போனை வைக்காமல் தன் அறைக்குப் போனார்.

கம்பெனிக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள், அந்த நல்ல மெட்டு எங்கே என்று. "ஜெட்டிவரைக்கும் போய்ப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று ஜார்ஜி சார் பதில் கொடுத்தார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர்கள் ஜெட்டிக்குப் போனார்களா என்று எனக்குத் தெரியாது. கேம் வெளியே வந்தது. ஆபீஸ் பிழைத்தது. ஜார்ஜி சார் மாடிப்படியில் விசிலடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார். பின்பு தோற்கும் மெட்டை அடிக்க ஆரம்பித்தார்.

அப்புறம் எத்தனையோ கேம்களுக்கு இசையமைத்தேன். நாலு சுரம் பதினாறாகி, முப்பத்திரண்டாகி, ஒரு கட்டத்தில் வாத்தியக்காரர்களையே உட்காரவைத்துப் பதிவு செய்தோம். எந்த கேமானாலும் நான் முதலில் எழுதியது, விளையாடுகிறவன் தோற்கும் இடத்தைத்தான். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. ஆனால் உங்கள் மெட்டுகளில் எது மிக அதிகமாகக் கேட்கப்படும் என்று ஒருமுறை யோசியுங்கள். உங்களுக்குப் பிடித்த மெட்டாக அது இருக்காது.

அத்தானின் கையைப் பற்றிக் கேட்பீர்கள். கேம் அதைக் குணமாக்கியது என்று சொன்னால் பொய். பந்தும் திரும்பி வந்தது, பயிற்சிப் பெண்ணும் வந்தாள், அக்கா எண்ணெய் தேய்த்தாள். சட்டைப் பட்டன் போடும் அளவுக்கு விரல்கள் வந்தன. ஏணி ஏறுவது அத்தோடு முடிந்தது. கார்ப்பரேஷனில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். நான் அந்த கேம் உள்ள போன் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அவர் மறுபடி வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவருக்கு லீவான ஒரு மழைக்கால மத்தியானம், ஆபீஸ் டெலிபோன் அடித்தது. ஸ்மிதா எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மாப்ளே! சேத்துட்டேன்டா! ஜெட்டியில கொண்டு சேத்துட்டேன்!"

பின்னால் அக்கா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"சந்தோஷம் அத்தான்."

"அதிருக்கட்டும். என்னமோ 'டிங்'னு ஒரு சத்தம். போனு கெட்டுப்போச்சா?"

"இல்ல அத்தான். அவ்வளவுதான். அதுக்குமேல ஒண்ணும் இல்ல."

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தன நாளு முட்டுனேன்? சரி, லைன வச்சிராத. இரி."

டெலிபோனைப் பக்கத்தில் எங்கோ வைத்தார். துடுப்பு மெட்டு தொடங்குவது சின்னதாகக் கேட்டது. கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, வள்ளம் முட்டியது. அந்தக் கம்பம் எங்கே இருக்கிறதென்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெட்டு ஏறி, நிஷாதத்தில் நின்றது. அத்தானின் குரல், சுருதி கொஞ்சம் விலகி, அந்தக் கடைசி ஸட்ஜத்தைத் தானே பாடி முடித்தது.